இராமநாதபுரம் கடற்கரையில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் ஒன்றுசேர ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தக் கரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் ஒரே வளாகத்தில் இல்லை. மண்டபம் முகாமில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. அந்த நிறுவனம் 1947-இல் தொடங்கியதே மண்டபத்தில்தான்; தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போனது. அதே மண்டபத்தில், குஜராத்தின் பவநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையம். வடக்கே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம். நடுவே இராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் கல்லூரிகள். ஓரிடத்தில் இரண்டு பேர், இன்னோரிடத்தில் ஐந்து பேர் என்று சிதறிக் கிடக்கிறோம்.

பதிவு ஓர் ஊரில், வேலை இன்னோர் ஊரில், உதவித்தொகை மூன்றாவது ஊரிலிருந்து. மண்டபத்தில் ஒருவருக்கு ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை என்றால் நிலையத்தார் பல்கலைக்கழகத்தைக் காட்டுவார்கள், பல்கலைக்கழகம் டெல்லியைக் காட்டும். தனியாளாக இந்த மூன்று வாசலையும் யாராலும் தட்டி முடியாது. அதனால் இங்கே நிறுவனவாரியாகச் சங்கம் வைத்துப் பயனில்லை, கரைவாரியாக வைக்க வேண்டும். தொண்டி முதல் வாலிநோக்கம் வரை ஒரே அமைப்பு, நிலையத்துக்கு ஒரு பிரதிநிதி என்ற அமைப்பைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறோம்.

முதல் படி: ஆள் கணக்கு

வாட்ஸ்அப் குழுவில் தொடங்க வேண்டாம். முப்பது பேரைச் சேர்த்துவிட்டால் முதல் வாரத்திலேயே யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நெறியாளருக்கு (ஆய்வு வழிகாட்டிக்கு) அனுப்பிவிடுவார். பிறகு அந்தக் குழுவில் பொங்கல் வாழ்த்து மட்டும்தான் வரும். வெவ்வேறு நிலையங்களைச் சேர்ந்த நான்கைந்து பேர் நேரில் உட்காருங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒரு வரி ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்: பட்டம் தரும் பல்கலைக்கழகம், அன்றாடம் வேலை பார்க்கும் இடம், பணம் தரும் அமைப்பு, பதிவு செய்த தேதி, முழுநேரமா பகுதிநேரமா, கடலுக்குப் போகிறவரா ஆய்வகத்தில் இருப்பவரா. பெயர் இருக்கும் இந்த நோட்டு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். படம் எடுத்துப் பகிர வேண்டாம்.

பதிவுத் தேதி ஏன் முக்கியம் என்றால், 2022 நவம்பர் 7-க்குப் பிறகு பதிந்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறை பொருந்தும். அதற்கு முன் பதிந்தவர்களுக்குப் பழைய விதிகள்தான். விதி தெரியாமல் எழுதிய மனுவை ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச்சு. அரை மணி நேரம் போதும். பேசப் போகிறவர் அதிகம் கேட்க வேண்டும், குறைவாகப் பேச வேண்டும். "உதவித்தொகை கடைசியாக எந்த மாதத்துக்கு வந்தது?", "படகு வாடகை யார் கொடுக்கிறார்கள்?", "ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் குறிப்பு உங்கள் கைக்கு வந்ததா?", "ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். நெறியாளர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி மனக்கசப்பைக் கிளறும், ஒரு கோரிக்கையும் அதிலிருந்து கிடைக்காது. மீனவர் குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள், தமிழ்வழியில் படித்தவர்கள், குழந்தை பெற்றவர்கள், பகுதிநேரமாகப் படிக்கும் கல்லூரி ஆசிரியர்கள் ஆகியோரிடம் முதலில் போங்கள். பொதுக்கூட்டத்தில் இவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேசாமல் போய்விடுவார்கள்.

இரண்டாம் படி: கருத்துக்கணிப்பு, அதில் ஒளிந்திருக்கும் ஆபத்து

பன்னிரண்டு முதல் பதினைந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, அதில் சொந்த ஆய்வுக்கு எவ்வளவு, மாதம் கைக்காசு எவ்வளவு செலவாகிறது, எத்தனை மாத உதவித்தொகை பாக்கி, விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டதா, உயிர்க்கவசம் (லைஃப் ஜாக்கெட்) தரப்பட்டதா என்ற அளவில் எண்ணாகப் பதில் வரும் கேள்விகளாக இருக்கட்டும்.

பெயர் கேட்காவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்காதீர்கள். "பெண், இரண்டாம் ஆண்டு, பவளப்பாறை" என்றால் இந்தக் கரையில் ஒரே ஒருவராக இருக்கலாம். எனவே முடிவை வெளியிடும்போது ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கும் எந்தப் பிரிவையும் தனியாகக் காட்டாதீர்கள். நிலையங்களைச் சேர்த்து "மண்டபம் பகுதி", "வடபகுதி" என்று எழுதுங்கள். கூகுள் படிவம் என்றால் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிட்டீர்களா என்று இன்னொருவரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நிறுவன மின்னஞ்சலிலிருந்து அனுப்பவே வேண்டாம்.

மூன்றாம் படி: உரிமை எது, கோரிக்கை எது

விதியில் ஏற்கெனவே இருப்பதை "கொடுங்கள்" என்று கேட்கக்கூடாது. "நடைமுறைப்படுத்தி ஆணை வெளியிடுங்கள்" என்று எழுத வேண்டும். விதியில் இல்லாததைக் கோரிக்கையாக வையுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டும் சேர்ந்தே கிடப்பில் போகும்.

2022 விதிமுறையில் உள்ளவை இவை. பாடநெறி உட்பட மூன்று ஆண்டு குறைந்தபட்சம், ஆறு ஆண்டு அதிகபட்சம். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு, ஆக மொத்தம் பத்து. மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு ஆய்வுக்காலம் முழுவதிலும் சேர்த்து 240 நாள் வரை. செமஸ்டருக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். முன்னேற்றம் போதாது என்றால் குழு காரணத்தை எழுதித் திருத்த வழியும் சொல்ல வேண்டும். கற்பித்தல் அல்லது ஆய்வக உதவி வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம். ஆய்வேடு கொடுத்த நாளிலிருந்து வாய்மொழித் தேர்வு முடிவு வரை ஆறு மாதம். ஒரு பேராசிரியரிடம் எட்டு, இணைப் பேராசிரியரிடம் ஆறு, உதவிப் பேராசிரியரிடம் நான்கு பேருக்கு மேல் பதிய முடியாது. திருமணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண் ஆய்வாளர் தன் ஆய்வுத் தரவைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம், அது நிதியுதவி பெற்ற திட்டத்தின் தரவாக இல்லாதவரை. பட்டம் தரும் பல்கலைக்கழகம் இதையொட்டித் தன் சொந்த விதிகளை எழுதியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

240 நாள் விடுப்பில் பலர் தடுக்கி விழுகிறார்கள். விடுப்பு தருவது பல்கலைக்கழகம், அந்த நாட்களுக்கு உதவித்தொகை தருவது நிதியளிக்கும் அமைப்பு. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பித்துத் தனித்தனி ஆணை வாங்க வேண்டும். விடுப்பு ஆணை மட்டும் கையில் இருந்தால் குழந்தை பிறந்த பிறகு வங்கிக் கணக்கு காலியாகக் கிடக்கும். கர்ப்பத்தின் ஆறாம் மாதம் வரை காத்திராமல் முன்கூட்டியே இரண்டு விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.

பணத்தில்தான் சமத்துவமின்மை மிக வெளிப்படையாகத் தெரிகிறது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. நெட் இல்லாதவர்களுக்கான 8,000 ரூபாய் உதவித்தொகை மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும். நெட் உதவித்தொகை இல்லாமல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பதிந்த ஒருவருக்கு இரண்டும் இல்லை. ஒரே மேசையில், ஒரே நுண்ணோக்கியில் வேலை பார்க்கும் இருவரில் ஒருவருக்கு 37,000, மற்றவருக்கு ஒன்றுமில்லை. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை 2022-23 முதல் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு மக்களவையில் சொன்னது. முஸ்லிம் மாணவர்கள் நிறைந்த கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் அதன் பாதிப்பு நேரடியானது. இருக்கும் வழிகளை ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுங்கள்: பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய உதவித்தொகைகள், வீட்டின் ஒரே குழந்தையாக உள்ள பெண்ணுக்கான சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகை, தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை. விண்ணப்பத் தேதி தெரியாமல் ஒரு வருடம் இழப்பவர்களே அதிகம். சங்கம் ஒரு நாட்காட்டி வைத்திருந்தாலே பாதி வேலை முடியும்.

பாக்கித் தொகையில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை, நிறுவனம் மாதந்தோறும் இணையத்தில் உறுதி செய்தால்தான் வரும். ஓர் அலுவலர் பதிவேற்றுவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். இருவரில் ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டால் எல்லாருடைய பணமும் நின்றுவிடும். ஆகவே டெல்லிக்கு மனு எழுதுவதற்கு முன் உங்கள் மாத உறுதிப்பாடு எந்தத் தேதியில் ஏறியது என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் முடிச்சு அங்கேதான் இருக்கும். "ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் உறுதி செய்ய வேண்டும், மாற்று அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும்" என்பது செலவே இல்லாத கோரிக்கை. முதல் கோரிக்கையாக வைக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை.

நான்காம் படி: கடல் வேலைக்கான குறைந்தபட்ச நிபந்தனைகள்

நகரத்து ஆய்வாளர் சங்கங்களின் மனுக்களில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கு இதுதான் உயிர்.

தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்றில் வடகடல் மோசமாகும். "மாதம் தவறாமல் மாதிரி" என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிட்டு, ஆடி மாதத்தில் தீவுக்குப் போகச் சொல்வது ஆபத்தான வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை என்பதால் மீன் இறங்குதளத் தரவிலும் இடைவெளி விழும். வானிலை எச்சரிக்கையாலும் தடைக்காலத்தாலும் தவறும் மாதிரி முன்னேற்றக் குறைவாகக் கருதப்படாது என்று ஆலோசனைக் குழுக் குறிப்பிலேயே எழுத வையுங்கள்.

படகில் ஏறுவதற்கு முன் என்ன வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லா நிலையமும் ஏற்கச் செய்யுங்கள். ஆளுக்கு ஓர் உயிர்க்கவசம், அளவு பொருந்தியதாக. ஒல்லியான பெண்ணுக்குப் பெரிய ஆளின் கவசம் கொடுத்தால் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். குறைந்தது இரண்டு ஆய்வாளர்கள், தனியாக அனுப்பக்கூடாது. புறப்பட்ட நேரம், திரும்பும் நேரம், படகோட்டியின் எண் கரையில் ஒருவரிடம். திரும்பும் நேரம் தாண்டி ஒரு மணி நேரமானால் யார் யாரை அழைப்பது என்ற வரிசை. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்பு உதவி எண் 1093, ஆம்புலன்ஸ் 108. மூழ்கி வேலை செய்பவருக்குச் சான்றிதழ், கூடவே மூழ்கும் துணை ஆள், உபகரணப் பராமரிப்புப் பதிவு. சங்கு குளிக்கும் அண்ணன்மாரின் அனுபவத்தை நம்பி நிறுவனம் இந்த மூன்றையும் விட்டுவிடக்கூடாது. காற்று சரியில்லை என்று படகோட்டி சொன்னால் அன்றைக்குப் போக வேண்டாம், நெறியாளர் அலைபேசியில் என்ன சொன்னாலும்.

கழிப்பறையையும் வெட்கப்படாமல் மனுவில் எழுதுங்கள். நாட்டுப்படகில் ஆறேழு மணி நேரம் போகும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் போகிறார்கள். வெயிலில் மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் அதிலிருந்து வருகின்றன. பயண நேரத்தைக் குறைத்தல், இடையில் கரை ஒதுங்கும் இடம், கழிப்பறை உள்ள படகு என்று மூன்று நிலையாகக் கேட்டால் ஏதாவது ஒன்று கிடைக்கும்.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். பவளமும் கடல் அட்டையும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அனுமதி நெறியாளர் பெயரில் மட்டும் இருந்து, மாதிரியோடு பிடிபடுபவர் ஆய்வாளராக இருந்தால் வழக்கு யார் மேல் வரும் என்று யோசியுங்கள். அனுமதிக் கடிதத்தில் ஒவ்வோர் ஆய்வாளர் பெயரும் இருக்க வேண்டும், நகல் படகில் இருக்க வேண்டும்.

விபத்துக் காப்பீட்டை நிறுவனம் எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. அது கிடைக்கும் வரை காத்திராமல், வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்குப் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் எல்லாரும் சேர்ந்துவிடுங்கள். விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். ஆய்வகத்தில் ஃபார்மலின் கையாளும் இடத்தில் வாயு வெளியேற்றும் பெட்டி, பொருத்தமான கையுறை, கர்ப்பிணிகளுக்கு அந்த வேலையிலிருந்து விலக்கு ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது.

ஐந்தாம் படி: அமைப்பு

ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். தொழிற்சங்கமாகப் பதிவது கடினம். இந்தியாவில் உதவித்தொகை பெறுபவரை ஊழியராக நடத்துவதில்லை. நெதர்லாந்தில் பெரும்பாலான முனைவர் பட்ட ஆய்வாளர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். அமெரிக்காவில் 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு வாங்கினார்கள். இங்கே அந்த நிலை வரும் வரை பதிவு பெற்ற சங்கமே கையில் இருக்கும் கருவி. சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவில் இருக்கிறது.

நிர்வாகக் குழுவில் நிலையத்துக்கு ஒருவர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், பகுதிநேரத்தவர் ஒருவர், உதவித்தொகை இல்லாதவர் ஒருவர் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். சந்தா மாதம் 20 அல்லது 30 ரூபாய் போதும். உதவித்தொகை இல்லாதவருக்கு விலக்கு, ஆனால் முழு வாக்குரிமை. அரசுக் கல்லூரி ஆசிரியராக இருக்கும் பகுதிநேர ஆய்வாளருக்கு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் பொருந்தும். அவரைச் செய்தியாளர் முன் நிறுத்த வேண்டாம்.

கூட்டத்துக்கு இராமநாதபுரம்தான் நடு இடம். வெள்ளி மதியம் ஜும்மா, ஞாயிறு காலை பூசை, விசைப்படகு கரை திரும்பும் காலைகளில் இறங்குதள வேலை. இவை மூன்றையும் தவிர்த்து நேரம் குறியுங்கள். தொண்டிக்குப் போகும் பெண்கள் இருட்டுமுன் பேருந்து ஏறும்படி முடியுங்கள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று மறுநாள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: மனு நடக்கும் பாதை

ஒரு மனுவில் ஒரு பொருள். மேலே தேதி, கீழே கோரும் ஆணை, எந்தத் தேதிக்குள் என்பது. நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் வரவு எண் போட்ட நகலை வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். இல்லையென்றால் ஒப்புகையுடன் விரைவுத் தபால். "பார்த்துக்கிறேன் தம்பி" என்று அறைக்குள் சொல்லப்பட்ட வாக்குறுதியை அன்று மாலையே "இன்று தாங்கள் கூறியபடி" என்று தொடங்கி மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள்.

பதில் வராவிட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர் விதிமுறைப்படி பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் குறைதீர் குழுவுக்குப் போகலாம். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் முடிவு கிடைத்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு; அவர் 30 நாளில் முடிக்க வேண்டும். அந்த 15 நாளைத் தவறவிட்டவர்கள் நிறைய பேர். முடிவு வந்த கவரின் அஞ்சல் முத்திரையைக்கூடப் பத்திரமாக வையுங்கள்.

சாதி, மதம், மாற்றுத்திறன் காரணமான பாகுபாட்டுக்கு மானியக் குழுவின் 2012 விதிமுறைப்படி சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும். இருக்கிறார்களா என்று தெரிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போதும். 30 நாளில் பதில். "ஏன் நியமிக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், "நியமன ஆணையின் நகல் தருக" என்று கேளுங்கள். விளக்கம் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், ஆவணம் கேட்டால் தந்தாக வேண்டும்.

பாலியல் துன்புறுத்தலுக்குப் பாதை வேறு. மானியக் குழுவின் 2015 விதிமுறையில் வளாகம் என்பது களப்பயணத்தையும், அதற்கு ஏற்பாடு செய்த வண்டியையும் உள்ளடக்கும். ஆகவே ஆய்வுக்காகப் போகும் படகிலும் தீவிலும் நடந்தது "வெளியில் நடந்தது" ஆகாது. புகார் மூன்று மாதத்துக்குள். காரணம் சொன்னால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். மாணவர் தொடர்பான வழக்கில் உள்ளகப் புகார்க் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் ஆய்வாளர். அந்தத் தேர்தலை நடத்தச் சொல்வது சங்கத்தின் வேலை. புகாரின் உள்ளடக்கத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, பெயரைச் சொல்வது சட்டப்படி தவறு. பாதிக்கப்பட்டவருக்கும் அது இரண்டாவது அடி. அவர் கேட்டால் துணைக்குப் போங்கள், கேட்காவிட்டால் விலகி நில்லுங்கள்.

ஏழாம் படி: பேச்சுவார்த்தையும் அழுத்தமும்

மூன்று பேர் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் எதிரில் இருப்பவர் சொல்வதை மட்டும் கவனிக்க. பேசுபவர் இறுதியாண்டு ஆய்வாளராக இருக்கக் கூடாது. ஆய்வேட்டில் கையெழுத்து வாங்க வேண்டியவரை முன்னால் நிறுத்துவது அநியாயம்.

பேச்சு நகராவிட்டால் கறுப்புப் பட்டை, உணவு இடைவேளையில் வாயில் கூட்டம், கூட்டுக் கையெழுத்து என்று படிப்படியாக. ஊர்வலம், ஆர்ப்பாட்டம் என்றால் காவல்துறை அனுமதி முன்கூட்டியே. 2019 ஜனவரியில் நாடு முழுவதும் ஆய்வாளர்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் உதவித்தொகை 25,000-லிருந்து 31,000 ஆனது. ஆனால் குஞ்சு பொரிப்பகத்திலும் வளர்ப்புத் தொட்டியிலும் உயிர்கள் இருக்கின்றன. போராட்ட நாளில் தீனி, காற்றூட்டம், நீர் மாற்றத்துக்கு முறை போட்டு ஆள் விட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஒரு தொட்டி இறந்தால் ஒருவருடைய மூன்று மாத உழைப்பு போகும், ஊரும் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

பழிவாங்கல் வரும் என்று எடுத்துக்கொண்டே தயாராகுங்கள். அது பெரும்பாலும் ஆணையாக வராது. கையெழுத்து தாமதம், வேதிப்பொருள் இல்லை என்ற பதில், கட்டுரையில் பெயர் வரிசை மாற்றம் என்றுதான் வரும். களக் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் தேதியோடு சேமியுங்கள். கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதை எழுதத் தொடங்கும்போதே மின்னஞ்சலில் உறுதி செய்யுங்கள். ஆறு மாத முன்னேற்ற அறிக்கையை ஒருநாளும் தாமதிக்காதீர்கள். பதிவை ரத்து செய்ய முதலில் தேடுவது அதைத்தான்.

எட்டாம் படி: கைமாற்றம்

ஆய்வாளர் சங்கங்கள் பெரும்பாலும் எதிரியால் சாவதில்லை. செயலாளர் ஆய்வேடு கொடுத்துவிட்டுப் போவதோடு முடிந்துவிடுகின்றன. எனவே பொறுப்பு ஒரு வருடம் மட்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாம் ஆண்டு ஆய்வாளர் ஒருவர் துணையாக. மின்னஞ்சல் கடவுச்சொல், வங்கிப் புத்தகம், பதிவுச் சான்று, வரவு எண் போட்ட மனு நகல்கள், நிலுவையில் உள்ள மேல்முறையீட்டுத் தேதிகள், உதவித்தொகை நாட்காட்டி ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துப் பொதுக்குழுவின் முன் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள். ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளருக்கு அனுப்பிய ரசீதும் அந்தக் கோப்பில் இருக்கட்டும். அது தொடர்ந்து விடுபட்டால் பதிவு ரத்தாகலாம், மறுபடி ஏழு பேரைத் தேடித் தொடக்கத்திலிருந்து அலைய வேண்டும்.